தாராவியின் உழைப்பு: சந்தை யாருக்கு?

சோப்பாயினும் செல்பேசியாயினும் உறையும் அட்டைப்பெட்டியும் இன்றி ஆலையை விட்டு வெளியேறாது. எனவே பேக்கேஜிங் துறைக்கு ஆர்டர்கள் பெருகினால் பொருளாதாரமே நிமிர்வதாக முதலாளித்துவ ஏடுகள் எழுதுகின்றன. ‘வணிக நம்பிக்கை’ உயர்ந்துவிட்டதென்று ஆட்சியாளர்களும் பெருமிதம் கொள்கின்றனர். அது யாருடைய நம்பிக்கை?

மாதந்தோறும் வெளியாகும் கொள்முதல் மேலாளர் குறியீடு சுமார் 400 உற்பத்தி நிறுவனங்களின் பதில்களிலிருந்து கணிக்கப்படுகிறது. ரிசர்வ் வங்கியின் காலாண்டு ஆய்வும் கம்பெனி நிர்வாகங்களிடமே கருத்துக் கேட்கிறது. மும்பை தாராவியின் 13ஆம் காம்பவுண்டுக்குள் இக்கேள்விகள் நுழைவதில்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் உட்பட, பல மாநில உழைப்பாளிகள் உருவாக்கிய பகுதி தாராவி. நகரம் வீசியெறியும் பிளாஸ்டிக், அங்கே வகைவாரியாகவும் நிறவாரியாகவும் பிரிக்கப்பட்டு, அரைத்து, கழுவி, கூரைகளில் உலர்த்தி, உருக்கி, ‘தானா’ எனப்படும் மணிகளாகிறது. பழைய அட்டைப்பெட்டிகள் சீராக்கப்பட்டு மீண்டும் சந்தைக்குச் செல்கின்றன. கச்சா எண்ணெய் விலை சரிந்து புதிய பிளாஸ்டிக் மலிவாகும்போதெல்லாம் தானாவின் விலையும் வீழ்கிறது. அந்த இழப்பு இறுதியில் குப்பை பொறுக்குவோரின் தலையில்தான் விடிகிறது.

இத்தொழிலுக்கு இப்போது சட்டமே ஒரு சந்தையைத் திறந்துள்ளது. 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த விதிகளின்படி, கடினவகை பிளாஸ்டிக் கொள்கலன்களில் 2025-26 முதல் 30 சதவீதமும், 2028-29இல் 60 சதவீதமும் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். ஆனால், பெருநிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கும் மறுசுழற்சிச் சான்றிதழை, பதிவுபெற்ற ஆலைகள் மட்டுமே வழங்க முடியும். நிலப்பட்டாவோ உரிமமோ இல்லாத சிறுபட்டறைகள் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. உழைப்பு தாராவியுடையது, சான்றிதழின் பணம் வேறொருவருடையது.

சந்தை திறக்கும் இதே வேளையில், பட்டறைகளின் காலடி நிலமும் பறிபோகிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை அதானி குழுமம் கைப்பற்றியது. திட்ட நிறுவனத்தில் அதற்கு 80 சதவீதம், மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதம். 2000 ஜனவரி 1க்குப் பின் குடியேறியோருக்கும் மேல்தளவாசிகளுக்கும் தாராவிக்குள் இலவச வீடு இல்லை. வெளியேற்றப்படுவோரைக் குடியமர்த்த செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைக்கிடங்கில் 124 ஏக்கர் ஒதுக்கப்பட்டுள்ளது. நகரின் குப்பையைச் செல்வமாக்கியவர்களுக்கு அரசு காட்டும் இடம் குப்பைமேடு!

வரிக்கொள்கையும் சிறுதொழிலை நெரிக்கிறது. 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவு மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அட்டைப்பெட்டிக்கு வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் மூலப்பொருளான கிராஃப்ட் காகிதத்துக்கோ 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. சிறு உற்பத்தியாளர்களின் நடைமுறை மூலதனம் வரிப்பாக்கியாக முடங்குகிறது. சொந்தக் காகித ஆலை வைத்திருக்கும் பெருநிறுவனம் இதைத் தாங்கும். கடன் வாங்கி நடத்தும் பட்டறை தாங்காது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான வரம்பை 10 தொழிலாளர்களிலிருந்து 20ஆக உயர்த்தின. நச்சுப்புகைக்கு நடுவே கையுறையும் முகக்கவசமும் இன்றி உழைப்போரில் பெரும்பகுதியினர் தொழிற்சாலைப் பாதுகாப்பின் எல்லைக்கே வெளியே தள்ளப்பட்டுள்ளனர்.

தாராவியின் பட்டறைகள் இன்றுள்ள நிலையிலேயே நீடிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. காற்றோட்டமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் கொண்ட பொதுத் தொழிற்கூடங்கள் தாராவிக்குள்ளேயே அமைக்கப்பட வேண்டும். கூட்டுறவுகளாகத் திரளும் சிறுபட்டறைகளுக்கு மறுசுழற்சிப் பதிவும் சான்றிதழ் உரிமையும் வழங்கப்பட வேண்டும். குடியேறிய ஆண்டையும் தளத்தையும் காரணம் காட்டி எவரையும் வெளியேற்றக் கூடாது. குப்பை பொறுக்குவோர் உள்ளிட்ட அனைவருக்கும் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் உறுதி செய்யப்பட வேண்டும்.

இவற்றை எந்தக் குறியீடும் பெற்றுத்தராது. மாட்டுங்கா லேபர் கேம்ப் முதல் செம்பூர் வரை, தமிழர், மராத்தியர், வடஇந்தியர் என்ற பேதமின்றித் திரளும் உழைப்பாளர் ஒற்றுமையே பெற்றுத்தரும்.