நீல ரோஜா வேண்டாம், வேலிச் சங்கு போதும்

சென்னையில இருக்கிற என் தங்கச்சி மகள் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தா. நீல மையில முக்கி எடுத்த மாதிரி ஒரு ரோஜா. "மாமா, மொட்டை மாடியில நீலப்பூவா வைக்கலாம்னு இருக்கேன். இதுக்கு விதை பாக்கெட் போட்டு விக்கிறாங்க, வாங்கட்டுமா?"

வேண்டாம் தாயின்னு சொல்லிட்டேன். இதே ஆசையில இன்னும் பல பேர் இருப்பீங்க, அதனாலதான் எழுதுறேன்.

ரோஜாவுக்கு நீலத்தை உண்டாக்குற சத்து உடம்புலயே கிடையாது. ஜப்பான்ல சன்டோரி கம்பெனிக்காரங்க பல வருஷம் பாடுபட்டு, பான்ஸிங்கிற பூவோட மரபணுவை ரோஜாவுல ஏத்தி, 2009-ல விற்பனைக்குக் கொண்டுவந்தாங்க. அதுவும் வெளிறின கத்தரிப்பூ நிறம்தான். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அவ்வளவுதான் முடிஞ்சதுன்னா, பாக்கெட் விதையில நீலம் எங்கேயிருந்து வரும்? பூக்கடையில நிக்கிற நீல ரோஜா, வெள்ளை ரோஜாவைச் சாயத் தண்ணியில நிறுத்தி வச்சது. ரோஜாவை நாம பதியன், ஒட்டு போட்டுத்தான் வளர்க்கிறோம். விதைன்னு சொல்லும்போதே சந்தேகம் வரணும்.

நீலத்துக்கு ஆசைப்படுறதுல தப்பே இல்ல. செடிகள்ல உண்மையான நீலம் ரொம்ப அபூர்வம். ஆனா படத்தைப் பார்த்துப் பூ தேடுறீங்க, மண்ணைப் பார்த்துத் தேட மாட்டேங்கிறீங்க. என் வருத்தம் அங்கதான்.

எங்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மேற்கே மலை, மலையடியில செவல், கிழக்கே போகப் போகக் கரிசல். சித்திரை வெயில்ல நிக்கவே முடியாது. இந்த மண்ணுல, இந்த வெயில்ல, யாரும் தண்ணி ஊத்தாமலே நீலமா பூக்கிற செடி இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு இதைப் பாடமா சொல்லவே வேண்டாம். பெரியாழ்வார் நந்தவனத்துல துளசிச் செடியடியில கிடைச்ச பொண்ணு ஆண்டாள். பூக்கட்டுற வீட்டுல வளர்ந்தவ. நாச்சியார் திருமொழியில கருவிளைப் பூவையும் காயாம்பூவையும் கூப்பிட்டு, நீங்க பெருமாள் நிறத்தைக் காட்டுறீங்களேன்னு அவங்ககிட்டயே நியாயம் கேட்கிறா. அந்தக் கருவிளைதான் நம்ம வேலியில படர்ற நீலச் சங்குப்பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல அடுக்குற 99 பூவிலயும் இது இருக்கு. வெள்ளைச் சங்குக்குச் செருவிளை, நீலத்துக்குக் கருவிளைன்னு தனித்தனிப் பேர் வச்சிருந்தாங்க.

இப்ப இதை வேலிச்செடின்னு ஒதுக்கிட்டு, அதே பூவைக் காயவச்சுக் கண்ணாடி பாட்டில்ல போட்டு 'ப்ளூ டீ'ன்னு வித்தா காசு கொடுத்து வாங்குறோம். எலுமிச்சை பிழிஞ்சா ஊதாவா மாறுதாம், அதை வீடியோ எடுத்துப் போடுறாங்க. மலேசியாவுல கிளந்தான் பக்கம் இந்தப் பூச்சாறுல சோறு நீலமா ஆக்கிச் சாப்பிடுறாங்க. பூ சரி, வேரையும் விதையையும் வாயில வச்சிடாதீங்க, பேதியாகும்.

மாடித் தோட்டக்காரங்களுக்கு இதைவிடத் தோதான கொடி எனக்குத் தெரிஞ்சு இல்ல. பயறு வகையில சேர்ந்தது. வேர்ல முடிச்சு விட்டு, காத்துல இருக்கிற தழைச்சத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும். கொடியை அறுத்துப் போட்டா ஆடு மாடு விரும்பித் தின்னும். ஆஸ்திரேலியாவுல தீவனத்துக்குன்னே விதைக்கிறாங்க. உங்க மாடியில பூசணி, பாகல் பிஞ்சு வெம்பி வெம்பி விழுதா? தேனீ வரலைன்னா அப்படித்தான் ஆகும். தேனீக்குச் சிவப்பு சரியாத் தெரியாது, நீலம் நல்லாத் தெரியும். 1914-லயே கார்ல் வான் ஃபிரிஷ்ங்கிற விஞ்ஞானி நீல அட்டையில சர்க்கரைத் தண்ணி வச்சுத் தேனீயைப் பழக்கி, அதுக்கு நிறம் தெரியும்னு காட்டிட்டார். பாகல் பந்தல் பக்கத்துல ஒரு சங்குக்கொடி நிக்கட்டும். அடுக்குச் சங்கு பார்க்க அழகுதான், ஆனா வண்டுக்கு உள்ளே போக வழி இல்ல. ஒத்தை இதழே வைங்க.

அடுத்தது விஷ்ணுகிராந்தி. மழை பெஞ்சதும் கரிசல் வரப்புல தரையோட தரையா படர்ந்து கிடக்கும். சட்டைப் பொத்தான்ல பாதி அளவுப் பூ, காலையில விரியும், மதியத்துக்குள்ள சுருங்கிடும். எங்க அப்பத்தா காய்ச்சலுக்குக் கஷாயம் வச்சுக் கொடுக்கும். நர்சரியில இதே பேரைச் சொல்லிப் பெரிய பூ உள்ள செடி ஒண்ணு கொடுப்பாங்க. அது பிரேசில் பக்கத்து ஒன்றுவிட்ட தங்கச்சி. தொட்டியில நல்லா வரும், வைங்க, தப்பில்ல. ஆனா மருந்துச்செடின்னு நினைச்சுக் கஷாயம் போட்றாதீங்க.

காயா மரம் இடம் உள்ளவங்களுக்கு. சில ஊர்ல காசான்னு சொல்வாங்க. ஆமை வேகத்துல வளரும். கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தா பூத்து, சில நாள்ல கொட்டிடும். அந்தச் சில நாளுக்காகக் காத்திருக்க முடியுமான்னு யோசிச்சுக்கோங்க.

கொடைக்கானல் போயிட்டு வர்றவங்க ஹைட்ராஞ்சியா தொட்டி வாங்கிட்டு வர்றாங்க. அது புளிப்பு மண்ணுல நீலமா பூக்கும், சுண்ணாம்பு கலந்த மண்ணுல ரோஸ் ஆயிடும். கரிசல்ல சுண்ணாம்புக்குப் பஞ்சமில்ல. அதுக்கு முன்னாடி வெயிலே கதையை முடிச்சிடும். நீலக்குறிஞ்சி கேட்கிறவங்களும் இருக்காங்க. 2018-ல பூத்தது, இனி 2030-லதான். அது உயர்ந்த மலைப் புல்வெளியில கூட்டமா நிக்க வேண்டிய செடி. போய்ப் பார்த்துட்டு வாங்க, பிடுங்காதீங்க.

இதுவரைக்கும் சொன்னதுல உங்க காசு மட்டும்தான் போகும். ஒரு நீலப்பூ எங்க வயித்துல அடிச்சிருக்கு. ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவுல இருந்து அழகுக்குன்னு உலகம் பூரா கொண்டுபோன செடி. மயில்தோகைக் கண்ணு மாதிரி இதழ்ல ஒரு மஞ்சள் பொட்டு, யாருக்கும் பிடிக்கும். தோதான தண்ணியில ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்காயிடும். விதை பல வருஷம் சகதியில செத்த மாதிரி கிடந்து மறுபடி முளைக்கும். எங்க கண்மாயில போன வருஷம் மடையில வந்து அடைச்சு, கடைமடை வயலுக்குத் தண்ணி ஏறல. ஆள் விட்டு வாரிக் கரையில போட்டோம். அடுத்த மழைக்கு மேல் கண்மாய் மறுகால் பாஞ்சப்ப மறுபடி வந்து நிக்குது. கீழே மீன் இல்ல, மேலே கொசு. இதைத் தொட்டியில வளர்க்க இன்னைக்கும் ஆன்லைன்ல விக்கிறாங்க. வாங்குறவங்க கெட்டவங்க இல்ல. பெருகிப்போச்சுன்னு ஒரு கை அள்ளிச் சாக்கடையில போடுவாங்க, அது எந்த ஏரிக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்?

தண்ணியில நீலம் வேணும்னா நீலாம்பல் இருக்கே. கருங்குவளைன்னும் சொல்வாங்க. இலங்கையில அதுதான் தேசியப் பூ. அகலமான சிமெண்ட் தொட்டியில பாதிக்குக் களிமண் போட்டு, கிழங்கை ஊன்றி, வெயில் படுற இடத்துல வச்சா போதும். கொசுவுக்கு நாலு சின்ன மீன் விட்டுடுங்க. எங்க சின்ன வயசுல கண்மாய் ஓரத்துல கிடந்த பூ அது. இப்ப அந்த இடத்துலதான் ஆகாயத்தாமரை நிக்குது.

என் தங்கச்சி மகளுக்குச் சங்கு விதைதான் கவர்ல போட்டு அனுப்பியிருக்கேன். ராத்திரி ஊறவச்சு, காலையில விரற்கடை ஆழத்துல ஊன்றணும். ரெண்டு மாசத்துல பூக்கும். நெத்து பழுப்பானதும் பறிச்சிடணும், விட்டா வெடிச்சுத் தெறிச்சிடும். நீங்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வந்தா, பால்கோவாவோட நாலு நெத்தும் வேலியில பறிச்சுட்டுப் போங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.