எண் ஒன்று, ஆள் வேறு

கடிதத்தில் அனுப்புநர் முகவரியை எவர் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். அஞ்சலகம் அதைச் சரிபார்ப்பதில்லை. ஆனால் கடிதம் எவ்வூரில் சேர்ந்தது என்பதை அஞ்சல் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். தொலைபேசித் திரையில் தோன்றும் எண்ணும் அத்தகைய அனுப்புநர் முகவரியே. முத்திரைதான் இல்லை!

வங்கியின் எண்ணைக் கண்டு பேசி, வாழ்நாள் சேமிப்பை இழந்துவிடுகிறார் ஒரு முதியவர். "எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டாமா?" என்று அவரையே குறை கூறுகிறோம். நண்பர்களே, இது நியாயமா? பொய் எண்ணை அவர் வீடுவரை சுமந்து வந்து சேர்த்தது யார்?

தொலைபேசி நிலையங்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஏழாம் எண் சைகை முறை 1980ஆம் ஆண்டில் அனைத்துலகத் தரமாக வகுக்கப்பட்டது. அந்நாளில் நிலையங்கள் அரசுத் துறைகளிடமும் ஒருசில பெரிய நிறுவனங்களிடமுமே இருந்தன. ஒரு நிலையம் சொன்ன எண்ணை மற்றொன்று ஐயமின்றி ஏற்றது. பின்னர் இணையவழிப் பேச்சு வந்தது. கணிப்பொறியும் உரிய மென்பொருளும் உடையவன் தானே ஒரு நிலையமாகி, விரும்பிய எண்ணை எழுதி அனுப்பினான். நம்பும் வழக்கமோ மாறவில்லை.

அமெரிக்காவில் 2021 ஜூன் 30 முதல், பெரிய நிறுவனங்கள் தம் இணையவழி வலையமைப்பில் அழைப்புகளுக்கு மின்னொப்பம் இட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நான் சொன்ன முத்திரை இதுதான். ஆயினும் வழியில் பழைய வகை நிலையம் ஒன்று குறுக்கிட்டால் ஒப்பம் மறைந்துபோகிறது.

நம் நாடு எல்லையில் காவல் வைத்தது. வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைச் சூடிக்கொண்டு நுழையும் போலி அழைப்புகளை மறிக்கும் ஏற்பாடு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. ஒரே நாளில்! இது எளிய வேலையன்று. அயல்நாடு சென்ற நம்மவர் தம் இந்திய எண்ணிலிருந்து வீட்டுக்குப் பேசுவதையும் மறித்துவிடலாகாதே! அவ்வெண் உண்மையிலேயே வெளிநாட்டில் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் அறிய வேண்டும். மோசக்காரர்களும் ஓய்ந்துவிடவில்லை. உள்நாட்டு சிம் அட்டைகளை அடுக்கிய பெட்டிகள் வழியே அழைப்பைத் திருப்பிவிட்டுக் காவலை ஏய்க்கின்றனர்.

அழைப்பவர் பெயரையும் காட்டினால் போதும் என்பார் சிலர். எனக்கு உடன்பாடில்லை. எண்ணே களவாடப்பட்டதானால், அதற்குரியவரின் பெயரும் சேர்ந்து தோன்றிப் பொய்க்கு மெருகேற்றாதா?

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், அடையாள எண்ணைத் திரிப்போருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பிடிபட்டால்தானே தண்டனை? பிடிபடாதவன் கடல் கடந்து இருக்கிறான்; அவனது அழைப்பை உள்ளே விட்டுக் கட்டணம் பெற்ற நிறுவனமோ இங்கேயே இருக்கிறது. இன்ன நிறுவனத்தின் வாயிலாக நுழைந்தது என்ற குறிப்பு ஒவ்வோர் அழைப்போடும் வர வேண்டும். சோதிக்காமல் உள்ளே விட்டது மெய்ப்பிக்கப்பட்டால், முதியவர் இழந்த பணத்தில் ஒரு பங்கை அந்நிறுவனமே ஈடு செய்யட்டும்.