புகை வண்டியும் தண்ணீர் டிரம்மும்

1952-ல் தான்சானியாவில் பரவிய ஒரு காய்ச்சலுக்கு மக்கோண்டே மொழியில் கிடைத்த பெயர் சிக்குன்குனியா. வலியில் உடல் வளைந்துபோவதைச் சொல்லும் சொல் அது. அதில் நம் ‘குனி’ ஒலிப்பது தற்செயல்தான். ஆனால் 2006-ல் இந்தக் காய்ச்சல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

இந்தக் காய்ச்சலைத் தரும் ஆல்ஃபாவைரஸ் 1963-ல் கொல்கத்தாவிலும் மறு ஆண்டு சென்னையிலும் பரவியது. பிறகு முப்பதாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. திரும்பி வந்தபோது, 2006-ல் மட்டும் நாடெங்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது.

இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சாக்கடையைவிட நம் வீட்டு நல்ல தண்ணீரையே விரும்பும். குழாயில் நாள்விட்டு நாள் தண்ணீர் வரும் ஊரில், டிரம்மில் பிடித்து வைத்தவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? காய்ந்த டிரம்மின் உட்சுவரில் முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். தண்ணீர் பட்டால் பத்து நாளுக்குள் கொசு பறக்கும். எனவே, கொட்டிக் கவிழ்த்தால் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

கொசுவைக் கொல்லத் தெருவில் புகை அடிக்கும் வண்டி வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்தப் புகையோ முட்டையைத் தொடுவதே இல்லை.

அதனால், 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, புகைச் செலவில் ஒரு பங்கை மூடியுள்ள தொட்டிகளுக்கும் நேரந்தவறாத குடிநீருக்கும் திருப்பலாம். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தே தொடங்கலாம்.