தூசுறிஞ்சியும் தொல்பொருளே

தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனக்கண்முன் சில காட்சிகள் தோன்றும். சிதைந்த கற்றூண், பாசி படிந்த நாணயம், செல்லரித்த ஏடு, மன்னனொருவன் நிவந்தமளித்த செய்தியைக் கூறும் சாசனம் ஆகியனவே அவை. இவற்றைத் தேடுவோரை அறிஞர் என்கிறோம். பேணுவோரைப் புரவலர் என்கிறோம். ஆனால், பழைய தூசுறிஞ்சி யந்திரங்களைத் தேடிச் சேர்த்து, துருவகற்றி, மீண்டும் ஓடச் செய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டோர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கின்றனர் என்று சொன்னால் கேட்போர் நகைக்கின்றனர். "வேலையற்றவர் வேலை" என்பார் ஒருவர். "பணம் மிகுந்தவர் பைத்தியம்" என்பார் இன்னொருவர். இந்நகைப்பு நியாயமானதன்று என்பது என் கருத்து. வீடு கூட்டும் கருவியொன்று மனிதகுல வரலாற்றைப் பற்றிச் சொல்லக்கூடியது, முடிசூடிய மன்னரின் சாசனம் சொல்வதிலும் குறைந்ததன்று என்பதை இங்கு நிறுவ முயல்கிறேன்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். தூசியை யந்திரம் உறிஞ்சுகிறது என்று நாம் வழக்கிற் கூறினும், பௌதிகம் பயின்ற மாணவர் அதனை ஒப்புக்கொள்ளார். உள்ளிருக்கும் விசிறி வேகமாகச் சுழன்று காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அமுக்கம் குறைகிறது. வெளியிலுள்ள வளியின் அமுக்கமே தூசியை உள்ளே தள்ளிவிடுகிறது. எனினும், வழக்கில் வந்த சொல்லை மாற்றவேண்டியதில்லை. தாயின் மடியில் முதலிற் கற்ற செயலின் பெயரை யந்திரத்துக்கும் இட்டது மனிதனுக்கு இயல்பே.

இக்கருவி பிறந்த கதை சுவையானது. 1869இல் சிக்காக்கோ நகரைச் சேர்ந்த ஐவ்ஸ் மக்காஃபி என்பவர் கையாற் சுழற்றும் யந்திரமொன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஒரு கையாற் சுழற்றிக்கொண்டே மறு கையால் தள்ளவேண்டியிருந்தமையால் அது பெருவழக்குப் பெறவில்லை. பின்னர், 1901இல் இலண்டன் மண்டபமொன்றிற் காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் யந்திரமொன்றை ஹியூபேட் செசில் பூத் என்னும் பொறியியலாளர் கண்டார். ஊதுவதனால் தூசி இடம் மாறுமேயன்றி ஒழியாது. இழுத்தால் என்ன என்று அவர் எண்ணினார். உணவுச்சாலையொன்றிற் கதிரையின்மீது கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து மூச்சை உள்ளிழுத்துப் பார்த்தார். மூச்சுத் திணறிற்று, ஆயின் கைக்குட்டையின் மறுபுறத்திற் கறுப்பாகத் தூசி படிந்திருந்தது. தத்துவம் நிறுவப்பட்டது.

பூத் செய்த யந்திரம் வீட்டுக்குள் நுழையக்கூடியதன்று. குதிரை பூட்டிய வண்டியில் ஏற்றப்பட்டு வீதியில் நிற்கும் அதிலிருந்து நீண்ட குழாய்கள் யன்னல் வழியே உள்ளே செல்லும். 1902இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களைத் தூய்மை செய்யும் பணி அதற்குக் கிடைத்தது. அதன் பின்னர் அதன் புகழ் பெருகிற்று. ஆக, தூசுறிஞ்சி முதலிற் சேவித்தது அரசரையும் செல்வரையுமே. ஏழையின் வீட்டிற் கம்பளமும் இல்லை; கம்பளமில்லா வீட்டில் அதற்கு வேலையும் இல்லை.

அதனைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பொறியியலாளரல்லர், கூலிக்குக் கூட்டியவர். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் கன்ரன் நகரில், கடையொன்றிற் கூட்டித் துடைக்கும் தொழில் செய்து வந்தவர் ஜேம்ஸ் மறே ஸ்பாங்ளர். அறுபது வயதை அண்மிய அவருக்கு ஈளை நோய் இருந்தது. கம்பளத்தைக் கூட்டும்போதெல்லாம் எழும் தூசி அவருடைய மூச்சை அடைத்தது. தொழிலை விடின் பட்டினி, விடாவிடின் இருமல். இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட அம்மனிதர், 1907இல் ஒரு விசிறி மோட்டாரையும், ஒரு தும்புத்தடியின் கைப்பிடியையும், ஒரு தலையணை உறையையும் பொருத்தி ஒரு கருவியை ஆக்கினார். 1908 யூன் மாதத்தில் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். நோயாளித் தொழிலாளி ஒருவர் தம் நெஞ்சைக் காப்பதற்காகச் செய்த கருவியே இன்று உலகெங்கும் வீடுகளில் ஓடும் யந்திரத்தின் மூதாதை.

ஆனால், கருவியை உலகுக்கு விற்கும் முதல் அவரிடம் இல்லை. குதிரைச் சேணம் முதலிய தோற்பொருள் வணிகம் செய்த வில்லியம் ஹென்றி ஹூவர் அவ்வுரிமையை அதே ஆண்டில் வாங்கினார். மோட்டார் வண்டி பெருகிச் சேணத்தின் காலம் சாய்ந்துகொண்டிருந்த வேளை அது. ஸ்பாங்ளருக்கு உரிமைப் பணம் கிடைத்தது என்பதை நியாயத்துக்காகக் கூறவேண்டும். ஆனாற் பெயர் கிடைக்கவில்லை. 1915இல் அவர் மறைந்தார். இங்கிலாந்து மக்களோ வீடு தூய்மை செய்யும் வினைக்கே 'ஹூவர்' என்று பெயரிட்டு அகராதியிலும் ஏற்றிவிட்டனர். வணிகர் பெயர் வினைச்சொல்லாயிற்று. தொழிலாளியின் பெயர் அடிக்குறிப்பாயிற்று.

பழைய தூசுறிஞ்சிகளைச் சேர்ப்போர் செய்யும் முதல் நன்மை இங்கேதான் இருக்கிறது. அவர்கள் கூட்டத்தில் ஸ்பாங்ளரின் பெயரை அறியாதவர் இல்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அவர்கள் தமக்கெனச் சங்கமொன்று அமைத்தனர். ஹூவர் சிறுவனாக வாழ்ந்த ஒகாயோப் பண்ணை வீடு 1978இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. மிசூரி மாநிலத்துச் சென் ஜேம்ஸ் என்னும் சிற்றூரிலும் தூசுறிஞ்சிகளுக்கெனவே ஒரு நூதனசாலை எழுந்தது. சறுக்குக் கட்டைகளின்மேல் நிலத்தில் இழுபட்டுச் செல்லும் 1921ஆம் ஆண்டு எலக்ட்ரோலக்ஸ், ஹென்றி டிரைபஸ் வடிவமைத்த 1936ஆம் ஆண்டு ஹூவர், தான் வெளிவிடும் காற்றின்மீதே மிதந்து செல்லும் 1950களின் உருண்டை யந்திரம் ஆகியவற்றைக் காலவரிசைப்படி நிறுத்திப் பார்ப்பவனுக்கு, ஒரு நூற்றாண்டின் அழகுணர்ச்சி எவ்வாறு மாறிற்று என்பது எந்நூலையும் விரிக்காமலே விளங்கிவிடும்.

சேர்ப்பதிலும் அரியது திருத்துவது. அதைச் சற்று விரித்துரைக்கலாம். பழைய யந்திரமொன்று கைக்கு வந்ததும் அறிந்தவர் அதை மின்சாரத்தில் மாட்டுவதில்லை. முதலில் வயரைப் பார்ப்பர். நூலுறையிட்ட பழைய வயரினுள் இருக்கும் இறப்பர், காலஞ் செல்லச் செல்ல உலர்ந்து, தொட்டால் உதிர்ந்துவிடும். அதில் மின்னைச் செலுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். பின்பு மோட்டாரைக் கழற்றுவர். சுழலும் செப்புப் பட்டைகளின்மீது உரசி மின்னைக் கொடுக்கும் காபன் கட்டைகள் தேய்ந்து குறுகியிருக்கும். பட்டைகளின் இடைவெளிகளிற் கரித்தூள் அடைந்திருக்கும். பெயரிங்குகளிலிருந்த கொழுப்பு மெழுகுபோல் இறுகியிருக்கும். தூரிகையுருளையைச் சுழற்றும் இறப்பர்ப் பட்டி அறுந்திருக்கும். துணிப்பை நைந்திருக்கும். அலுமினிய உடல் மங்கிச் சாம்பல் நிறம் பூண்டிருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றி, வரிசை மாறாமல் வைத்து, துடைத்து, தேய்த்து, புதியது இடவேண்டிய இடத்திற் புதியதை இட்டு மீண்டும் பூட்டும் வேலை பொறுமையின் பள்ளிக்கூடம்.

கிரகாம் கிறீன் 1958இல் எழுதிய 'ஹவானாவில் எமது மனிதன்' என்னும் நாவலை ஆங்கிலம் பயின்ற வாசகர் அறிவர். தூசுறிஞ்சி விற்பவன் ஒருவன், அதன் பாகங்களைப் பெரிதாக வரைந்து, இரகசிய ஆயுதங்கள் என்று உளவுத் துறைக்கு அனுப்புகிறான், அவர்களும் நம்பிவிடுகின்றனர். இந்த நகைச்சுவை எடுபடுவதற்குக் காரணம் என்ன? தம் வீட்டு மூலையில் நிற்கும் யந்திரத்தின் உள்ளுறுப்பு எப்படியிருக்கும் என்பதைப் பெரும்பாலோர் அறியாமையே. திருத்துவோன் அவ்வறியாமையினின்று விடுபட்டவன்.

இனி, அவர்களுக்குள்ளேயே நிகழும் வழக்கொன்று உண்டு. பழைய யந்திரத்தை நேற்றுத் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோற் பளபளக்கச் செய்வதா, கீறலும் கறையுமாக உள்ளவாறே வைப்பதா என்பதே அது. நான் இரண்டுக்கும் முற்றாக உடன்படேன். ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய நம் முன்னோரின் நெறி இங்கு வழிகாட்டக்கூடியது. 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் பணி, மறைந்துகொண்டிருந்த நூலைப் படிக்கத்தக்கதாக்கியது. நல்ல பதிப்பாசிரியர் சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்று காட்டுவாரேயன்றித் தம் சொல்லால் ஒளித்து நிரப்பார். யந்திரத்துக்கும் அதுவே விதி. யந்திரம் ஓடவேண்டும், ஓடாத யந்திரம் படிக்கப்படாத ஏடு. ஆபத்தான வயரை மாற்றியே ஆகவேண்டும். ஆனாற் கழற்றிய பழம்பாகத்தை எறியாமற் குறிப்பெழுதி உடன் வைக்கவேண்டும். கைப்பிடியில் ஆண்டுக்கணக்காகப் பிடித்த விரல்கள் தேய்த்த தேய்வை மட்டும் ஒருபோதும் அழிக்கலாகாது. மெருகுக்காக அதை அழிப்பவன், சாசனத்தின் எழுத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுக் கல்லை மினுக்கியவனாவான்.

அந்த விரல்கள் யாருடையவை? சேர்ப்போரிடம் எனக்குள்ள குறை இக்கேள்வியிலேதான் பிறக்கிறது. எந்த ஆண்டில் எந்த நிறப் பை வந்தது, கம்பளத்தைத் தட்டும் கோல் 1926இற் சேர்க்கப்பட்டது என்பன போன்ற செய்திகளை அவர்கள் மனப்பாடமாகக் கூறுவர். அக்கருவியைத் தள்ளிய பெண்ணைப் பற்றிக் கேட்டால் மௌனமாவர். ரூத் சுவாட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியை 1983இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். வீட்டு யந்திரங்கள் உழைப்பின் கடுமையைக் குறைத்தன. ஆனால் இல்லத்தரசியின் வேலைநேரத்தைக் குறைக்கவில்லை. முன்னர் கம்பளத்தை வெளியே தூக்கிச் சென்று அடிப்பதில் ஆடவரும் பிள்ளைகளும் ஏவலாளரும் பங்குகொண்டனர். யந்திரம் வந்ததும் அவர்கள் விலகிக்கொண்டனர். ஆண்டுக்கு ஓரிரு முறை நடந்த வேலை வாரந்தோறும் நடக்கவேண்டியதாயிற்று. அது தாயொருத்தியின் தலையில் வீழ்ந்தது. தூய்மையின் அளவுகோல் உயர்ந்தது, ஓய்வு உயரவில்லை. விளம்பரங்களிற் புன்னகையோடு நின்ற பெண்ணின் படம் இக்கணக்கைச் சொல்லவில்லை. சேர்ப்போர் சொல்லவேண்டும். யந்திரத்தோடு அவ்விளம்பரத்தையும், அதைப் பயன்படுத்திய மூதாட்டியரின் வாய்மொழியையும் சேர்த்து வைப்பாராயின் அவர்கள் தொகுப்பு மும்மடங்கு பெறுமதி உடையதாகும்.

பழமை என்பதனாலேயே எல்லாம் சிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. பழைய துணிப்பைகள் நுண்ணிய தூசியை மீண்டும் அறைக்குள்ளேயே கசியவிட்டன. இன்றைய வடிகள் அதனைப் பெரிதும் தடுக்கின்றன. ஸ்பாங்ளரின் நெஞ்சுக்கு அவையே உகந்தவையாயிருந்திருக்கும். ஆனால், பழைய யந்திரத்திடம் ஒரு நேர்மை இருந்தது. திருகாணியைக் கழற்றினால் திறந்துகொடுத்தது. இன்று விற்பனையாகும் பலவற்றில் உறுப்புகள் ஒட்டி மூடப்பட்டிருக்கின்றன. ஓர் உறுப்புப் பழுதானால் முழுவதும் குப்பைக்குச் செல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் இக்கருவிகளின் மின்வலுவை 900 வாற்றுக்குக் குறைவாக்கியதோடு, மோட்டார் 500 மணி நேரமேனும் உழைக்கவேண்டும் என்றும் விதித்தது. 2024இல் நிறைவேற்றிய திருத்தல் உரிமைச் சட்டத்திலும் தூசுறிஞ்சியைச் சேர்த்தது. சேர்ப்போர் தம் மேசைமீது நெடுங்காலமாகச் செய்து காட்டியதையே சட்டம் பிந்தி வந்து கேட்கிறது எனலாம்.

ஆகவே, இவர்களை நகைப்பதை விடுத்து இவர்களிடமிருந்து கற்போமாக. மாணவருக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள், அரண்மனையின் வாயிலோடு நின்றுவிடாமல், அரண்மனையைக் கூட்டியவர் கையில் என்ன இருந்தது என்றும் கேட்கப் பழக்கவேண்டும். கருவியைக் காப்பது நன்று. அதைத் திருத்தி ஓடச் செய்வது அதனினும் நன்று. அதைச் செய்தவன் பெயரையும், அதைக்கொண்டு உழைத்தவள் கதையையும் அதன் அருகில் எழுதி வைப்பதே அப்பணியை நிறைவுறச் செய்யும்.