பருவுக்கு மருந்து உண்டு, பயத்துக்கு?

முகப்பரு உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆனால், பதின்ம வயதில் அது உண்டாக்கும் கூச்சமும் தாழ்வுணர்வும் சிறியவை அல்ல. அந்தப் பருவுக்கு உலகெங்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வரும் எளிய, விலை மலிந்த மருந்து பென்சாயில் பெராக்சைடு. அதன் மீதே அண்மையில் ஐயத்தின் நிழல் படிந்திருக்கிறது. 'பரு களிம்பில் புற்றுநோய்ப் பொருள்' என்று செய்தி சுருங்கிவிட்டதால், அதன் முழு வடிவத்தை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

2024 மார்ச்சில், அமெரிக்காவைச் சேர்ந்த வாலிஷூர் என்ற தனியார் ஆய்வகம் அந்நாட்டின் உணவு - மருந்து நிர்வாகத்திடம் ஒரு மனு அளித்தது. பென்சாயில் பெராக்சைடு கலந்த பொருள்களை 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 18 நாள்கள் வைத்திருந்து சோதித்தபோது, சிலவற்றில் பென்சீன் அளவு வரம்பைவிட 800 மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்ததாக அது கூறியது. பென்சீன், ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என ஐயமற நிறுவப்பட்ட வேதிப்பொருள். பெட்ரோலிலும், வாகனப் புகையிலும், சிகரெட் புகையிலும் அது இருக்கிறது.

அந்த மனுவைப் புறந்தள்ளிவிட முடியாது. வேதியியல் அடிப்படை அதற்கு உண்டு. பென்சாயில் பெராக்சைடின் மூலக்கூறிலேயே பென்சீன் வளையங்கள் உள்ளன. வெப்பத்தில் அது சிதையும்போது பென்சீன் பிரியக்கூடும். ஆனால், 'பிரியக்கூடும்' என்பதற்கும் 'கடையில் வாங்கும் குழாயில் ஆபத்தான அளவில் இருக்கிறது' என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு.

அந்தத் தொலைவை அளக்கும் பணியை அமெரிக்க நிர்வாகம் செய்தது. 95 பொருள்களைச் சோதித்து, 2025 மார்ச்சில் முடிவுகளை வெளியிட்டது. அவற்றில் 90 சதவீதத்துக்கும் அதிகமானவற்றில் பென்சீன் தென்படவில்லை. அல்லது மிகமிகக் குறைவாகவே இருந்தது. அளவு கூடியிருந்த ஒருசில பொருள்கள் மட்டும் விற்பனையகங்களிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அப்பொருள்களைப் பல பத்தாண்டுகள் நாள்தோறும் பூசியிருந்தாலும்கூட, அதனால் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைவு என்றும் நிர்வாகம் தெளிவுபடுத்தியது.

இந்த மருந்து ஐயத்துக்கு உள்ளாவது இது முதன்முறையும் அன்று. எலிகளிடம் நடத்திய ஆய்வுகளை முன்னிட்டு, 1991-இல் அதே நிர்வாகம் இதன் பாதுகாப்புக்குக் கூடுதல் சான்று கேட்டது. சான்றுகளைப் பரிசீலித்த பின்னர், 2010-இல் 2.5 முதல் 10 சதவீதம் வரையிலான அளவில் இது பாதுகாப்பானது, பயனுள்ளது என அறிவித்தது. கேள்வி கேட்பதும், சோதிப்பதும், முடிவை மக்கள் முன் வைப்பதுமே அறிவியலின் வழி.

இந்த மருந்தைக் கைவிடுவது எளிதன்று என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. தோலின் நுண்துளைகள் அடைபடும்போது உள்ளே பெருகும் பாக்டீரியாவை, ஆக்சிஜனின் வீரிய வடிவங்களை வெளியிட்டு இது அழிக்கிறது. நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளுக்குப் பழகித் தப்பிவிடும் பாக்டீரியா, இதற்கு அவ்வாறு பழகுவதில்லை. எனவேதான், கிளிண்டாமைசின் போன்றவற்றைத் தனித்துத் தராமல் இதனுடன் சேர்த்துத் தருமாறு மருத்துவ வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய அபாயம் வேறொன்று என்பது என் கருத்து. பயத்தால் நல்ல மருந்தைக் கைவிடும் இளைஞர், அடுத்து என்ன செய்வார்? நண்பர் சொன்னார், கடைக்காரர் கொடுத்தார் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசத் தொடங்குவார். முதல் சில நாள்கள் முகம் தெளிந்தாற்போலத் தோன்றும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், முடி முளைக்கும். நிறுத்தினால் பரு முன்னிலும் மோசமாகத் திரும்பும். தோல் மருத்துவர்களின் தொடர் வலியுறுத்தலால், 2018-இல் இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று விதி திருத்தப்பட்டது. விதி வந்த பிறகும் கேட்டவுடன் எடுத்துத் தரும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை.

அதே வேளையில், அமெரிக்க முடிவுகளை அப்படியே நம் மண்ணுக்குப் பொருத்தி நிம்மதி அடைவதும் முறையன்று. இந்தப் பிரச்னையின் மையம் வெப்பம். வேலூரிலும் திருத்தணியிலும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் உள்ளே வெப்பம் அதனினும் கூடும். மருந்து ஏறிவரும் சரக்கு வண்டி, தகரக் கூரையின் கீழுள்ள கிடங்கு, குளிர்சாதனம் இல்லாத சிறுகடை என ஒவ்வொரு கட்டத்திலும் உறையில் அச்சிட்ட சேமிப்பு வெப்பநிலை காக்கப்படுகிறதா?

மத்திய மருந்துகள் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தரமற்ற மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. அந்த ஏற்பாட்டுக்குள் பென்சீன் சோதனையும் சேர வேண்டும். தொழிற்சாலையில் எடுத்த மாதிரி மட்டும் போதாது. ஏப்ரல், மே மாதங்களில் சிறுநகரக் கடைகளிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்து, முடிவு எதுவாயினும் வெளியிட வேண்டும்.

பயனாளிகளின் பங்கும் உண்டு. களிம்பை வாகனத்திலோ சன்னலோரத்திலோ வைக்கக் கூடாது. காலாவதியானதைத் தூக்கியெறிய வேண்டும். வீரியம் கூடினால் குணமும் கூடும் என்பது தவறான எண்ணம். 2.5 சதவீதக் களிம்பே பெரும்பாலும் போதுமானது, எரிச்சலும் குறைவு. துணியை வெளுக்கும் தன்மை கொண்டது என்பதால் தலையணை உறையில் கவனம் தேவை. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். தழும்பு விழும் அளவுக்குப் பரு கடுமையானால் தோல் மருத்துவரை அணுகுவதே சரி.

ஒரு மருந்தின் மீது ஐயம் எழுந்தால் அதைச் சோதித்துச் சொல்வது அரசின் கடமை. அந்தக் கடமை தாமதமானால், இடைவெளியை வதந்தி நிரப்பும். அதன் விலையை நம் பிள்ளைகளின் முகங்கள் கொடுக்க நேரிடும்.