தோற்க வந்த கிழமல்லர்

மதிய இடைவேளை முடிந்து வகுப்பறைக்குள் நாம் நுழைந்தபோது, பின்வாங்கிலே நான்கு தலைகள் ஒரு கைத்தொலைபேசியின்மேற் கவிந்திருந்தன. கல்லூரிக்குக் கொண்டுவரலாகாத பொருள் அது. பறித்து வைப்பதற்காக அருகிற் சென்ற நாம், பறிப்பதற்கு முன் ஒரு கணம் எட்டிப் பார்த்தோம். அந்த ஒரு கணம் சில நிமிடங்களாக நீண்டுவிட்டதை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. அமெரிக்க மல்யுத்தக் காட்சி. வெளிறிய தலைமயிர் இரத்தத்தில் தோய்ந்திருக்க, தோல் தளர்ந்த ஒரு கிழவர் மேடையிலே மல்லாந்து கிடந்தார். எழுவதற்கு அவர் பட்ட பாடு நடிப்பாகத் தோன்றவில்லை.

"இதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்து ஆடுவதுதானே, சேர்? அப்படியென்றால் இந்தக் கிழவர் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறார்?" என்று கேட்டான் ஒருவன். கைத்தொலைபேசியைக் காப்பாற்றுவதற்காகக் கேட்ட கேள்வியாகவும் இருக்கலாம். எனினும் நல்ல கேள்வி. அன்று அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகின்றோம்.

அக்கிழவரின் பெயர் றிக் ஃபிளெயர். அந்த ஆட்டம் 2022 ஆம் ஆண்டு யூலை 31 ஆம் திகதி அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடைபெற்றது. அப்போது அவருக்கு வயது 73. இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியொன்று நெஞ்சினுள் இருந்தது. ஆட்டத்தினிடையே இருமுறை நினைவிழந்ததாகப் பின்னர் அவரே கூறினார்.

மாணவன் சொன்னது உண்மையே. தாராசிங், கிங்கொங் என்ற பெயர்கள் நம் வீடுகளில் அடிபட்ட காலத்து முதியோர் ஒருவேளை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆயினும் தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே தீர்மானிக்கப்படுவதுதான். ஒலிம்பிக் மற்போர் வேறு, இது வேறு. ஆனால் முடிவு தீர்மானிக்கப்பட்டதேயன்றி, விழுகை தீர்மானிக்கப்பட்டதன்று. மேடை என்பது இரும்புச் சட்டங்களின்மேற் பரப்பிய பலகை. பலகையின்மேல் மெல்லியதொரு மெத்தை. அதன்மேல் இழுத்துக் கட்டிய கன்வஸ் துணி. அதிலே 250 இறாத்தல் உடம்பு ஓரிரவிற் பத்துத் தடவை முதுகடித்து விழுகின்றது. நாடியை மார்போடு ஒட்டிவைத்து, முதுகு முழுவதும் ஒரே சமயத்திற் படும்படி விழவேண்டும், தவறினால் கழுத்து. அன்றியும், தூக்கி எறிபவன் எவனோ அவனே விழுபவனின் உயிருக்குக் காவலன். இந்தத் தொழிலில் எதிரியின் கையிலேதான் நம் உடம்பை ஒப்படைக்க வேண்டும். இதை அறிந்தபின் "பொய்" என்ற சொல் எமது வாயில் அவ்வளவு எளிதாக வருவதில்லை.

அப்படியானால், புகழும் பொருளும் ஈட்டிய பின்னரும் இம்மல்லர் வீட்டில் இருந்தாலென்ன? ஈட்டிய பொருள் பலரிடம் நிலைத்ததில்லை என்பதே முதல் விடை. 1948 இல் உருவான தேசிய மல்யுத்தக் கூட்டமைப்பின் கீழ் அமெரிக்கா பல வட்டகைகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டகைக்கும் ஓர் உரிமையாளர். ஒரு வட்டகையில் முகம் பழசானால் மற்றொன்றிற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். 1982 இல் தந்தையின் நிறுவனத்தை விலைக்கு வாங்கிய வின்ஸ் மக்மஹன், தொலைக்காட்சியின் துணையோடு இந்த வேலிகளையெல்லாம் பிடுங்கியெறிந்தார். வட்டகைகள் ஒவ்வொன்றாய் மடிந்தன. 2001 இல் எஞ்சியிருந்த பெரிய போட்டி நிறுவனமும் அவர் கைக்கே வந்தது. அதன்பின் அமெரிக்காவில் ஒரு மல்லனுக்குப் பெரிய வாசல் நெடுநாட்களாய் ஒன்றே. அது சாத்தப்பட்டால், மீதி உயர்பாடசாலைகளின் விளையாட்டு மண்டபங்களும், முன்னாட் படைவீரர் சங்கக் கட்டடங்களும், பிங்கோ ஆடும் கொட்டகைகளுமே.

ஓய்வூதியம் கிடையாது. பெரும் நிறுவனங்கள் மல்லரை ஊழியராகக் கொள்ளாமல் தனி ஒப்பந்தக்காரராகவே கொண்டன. 1986 இல் ஜெசி வென்சூரா என்பவர் மல்லர்க்கொரு தொழிற்சங்கம் வேண்டும் என்று உடைமாற்றும் அறையிற் பேசினார். உடனிருந்த புகழ்பெற்ற மல்லர் ஒருவரே அதை முதலாளியிடம் சொல்லிவிட்டார் என்பது, பல ஆண்டுகளின் பின் ஒரு வழக்கிலே வெளிவந்தது. சங்கம் முளையிலேயே கருகிற்று. வென்சூரா பின்னாளில் மினசோட்டா மாநிலத்தின் ஆளுநரானார் என்பது வேறு கதை.

ஆகவே சிற்றூர் மண்டபத்திலே, சில நூறு பேர் மடக்குக் கதிரைகளில் அமர்ந்திருக்க, ஒருகாலத்து உலக வீரர் வருகின்றார். அவருக்கு ஆட்டத்திற் கிடைக்கும் கூலியிலும், வாசலருகே போட்டிருக்கும் மேசையிற் கிடைக்கும் வருவாய் பல இரவுகளில் அதிகம். அந்த மேசையில் அவர் விற்பது தமது புகைப்படத்தை. இன்றைய படத்தையன்று, முப்பது ஆண்டுகளுக்கு முந்திய படத்தை. வாங்குபவர் படத்தை ஒருமுறை பார்ப்பார், எதிரே இருப்பவரை ஒருமுறை பார்ப்பார். அவர் ஒப்பமிட்டுக் கொடுப்பார்.

ஜேக் றொபேட்ஸ் இப்படி இருந்தவர். மலைப்பாம்பொன்றைச் சாக்கிலே கட்டிக்கொண்டு மேடைக்கு வருவது அவர் வழக்கம். 1987 இல் மிச்சிக்கன் மாநிலத்து மைதானமொன்றில் 93,173 பேர் முன்னிலையில் ஆடினார். அது அமைப்பாளர் சொன்ன தொகை. மிகைப்படுத்தியது என்போரும் உளர். 1999 இல் பரி பிளோஸ்ரைன் எடுத்த மல்யுத்த ஆவணப்படத்தில், அதே மனிதர் போதைக்கு அடிமையாகிச் சிற்றூர்க் காட்சிகளில் உழல்வதைக் காணலாம். குழந்தைகளோடிருந்து பார்க்கத்தக்க படமன்று. 2012 இல் டயமண்ட் டலஸ் பேஜ் என்ற பழைய தோழர் அவரைத் தமது வீட்டிற்கு அழைத்து, உணவு, யோகப் பயிற்சி, கண்டிப்பு மூன்றாலும் மீட்டெடுத்தார். அவரைக் காத்தது நிறுவனமன்று, மற்றொரு மல்லன்.

ஆனால் எல்லாரும் வறுமையால் வந்தவரல்லர். இங்கேதான் எமது உள்ளம் ரெறி ஃபங்க் என்ற ரெக்சாஸ்காரரிடம் போகின்றது.

ஃபங்க் குடும்பமே மற்குடும்பம். தந்தை டோறி ஃபங்க் அமரில்லோ வட்டகையை நடத்தியவர். 1973 இல் தமது வீட்டிலே விருந்தினர் முன்னிலையில் மற்பிடி போட்டு விளையாடிய பின்னர் மாரடைப்பால் இறந்தார். மூத்த மகன் 1969 இலும், இளைய மகன் ரெறி 1975 இலும் தேசியக் கூட்டமைப்பின் உலகப் பட்டத்தை வென்றனர். அப்பட்டத்தை வென்ற உடன்பிறந்தார் வேறெவருமில்லை. 1983 ஆம் ஆண்டு, 39 வயதில், ரோக்கியோவில் ஃபங்க் பிரியாவிடை பெற்றார். யப்பானியர் கண்ணீர் வடித்தனர். அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். பின்னரும் எத்தனையோ பிரியாவிடைகள். அவர் ஓய்வு பெறுவது அமெரிக்க மல்யுத்த உலகில் ஒரு பகிடியாகவே ஆயிற்று. நாமும் முதலிற் சிரித்தவர்களே.

1990களின் நடுவில், ஐம்பதை அண்டிய வயதில், பிலடெல்பியாவின் தென்புறத்து ஒரு பிங்கோ மண்டபத்தில் நடந்துவந்த சின்னஞ்சிறு நிறுவனம் ஒன்றிற்கு அவர் போனார். அங்கிருந்த இளைஞரை வெளியுலகம் அறியாது. உலகப் பட்டம் தாங்கிய ஒருவர் அவர்களோடு ஆடுவதே அவர்களுக்குப் பெருமை. அவர் தோற்றுக் கொடுத்தால் அது முதலீடு. மல்லர் உலகில் எழுதாத சட்டமொன்று உண்டு: போகின்றவன் தோற்றுவிட்டுப் போக வேண்டும். ஒருவன் பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த பெயரை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுக்க இத்தொழிலில் அந்த ஒரு வழிதான் உண்டு. வெற்றி முன்பே தீர்மானிக்கப்படுவது என்று சொன்னோமே, அதனால் தோல்வி ஒரு கொடையாகிவிடுகின்றது.

ஃபங்க் அதை மனமாரச் செய்தார். 1995 ஓகஸ்ற் மாதத்தில் யப்பானின் கவசாக்கி மைதானத்தில், முள்ளுக்கம்பியும் வெடியும் வைத்த கொடிய போட்டித் தொடரொன்றின் இறுதியாட்டத்தில், 51 வயதான ஃபங்க் மிக் ஃபோலி என்ற இளையவருக்குத் தோற்றார். அவ்வகை ஆட்டங்களை நாம் மெச்சவில்லை. மனித உடம்பை அவ்வாறு பாழாக்குவது எந்தக் கலையாயினும் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அந்த ஃபோலி நான்கு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனத்திலே உலக வீரரானார். ஃபங்கைத் தமக்கு வழிகாட்டியவராக அவர் என்றும் போற்றினார். 1997 ஏப்பிறலில் பிலடெல்பியாச் சிறு நிறுவனம் தனது முதலாவது கட்டணத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியபோது, பட்டத்தை வெல்லும் கௌரவத்தை 52 வயது ஃபங்குக்கே அளித்தது. ஓகஸ்றில் அதைச் சபு என்ற இளையவருக்குத் தோற்றுக் கொடுத்தார். செப்ரெம்பரில் தமது ஊரான அமரில்லோவில் தம் குடும்பத்தின் ஐம்பது ஆண்டு மல்யுத்தத்தைக் கொண்டாடிய விழாவிலும், ஊரார் முன்னிலையில் பிறெற் ஹார்ட்டிடம் தோற்றார்.

முன்சொன்ன ஆவணப்படத்தில் இவரும் வருகின்றார். முழங்கால்கள் தேய்ந்து போனதை மருத்துவர் எடுத்துச் சொல்கின்றார். மனைவியும் ஓய்வு பெற்றால் நல்லதென்றே விரும்புகின்றார். அந்த மனையாளின் முகத்தைப் பார்க்கையில் ஃபங்க்மேல் எமக்குக் கோபமே வந்தது. கொடை பெரிது, அதன் விலையை வீட்டிலிருப்பவளும் சேர்ந்தன்றோ செலுத்துகின்றாள்!

விலை சிலவேளை முழு உயிராகவே இருந்துவிடும். 2009 யூன் 13 இல் யப்பானின் ஹிரோஷிமா நகரில் மிற்சுஹாரு மிசாவா மேடையிலே விழுந்தார், எழவில்லை. 46 வயது. தாமே தொடங்கிய நிறுவனத்தின் தலைவர். அவ்வாண்டுதான் அதன் தொலைக்காட்சி ஒளிபரப்பும் நின்றிருந்தது. அவரை எறிந்தவர் எறிந்தது வழக்கமான பிடிதான். பல்லாண்டு அடிபட்ட கழுத்து அன்று தாங்கவில்லை.

ஆசிரியத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, எமக்கு மிகப் பிடித்தது லூ தேஸ் என்பவரின் கடைசி ஆட்டம். 1937 இல் 21 வயதில் உலகப் பட்டம் வென்ற தேஸ், 1990 டிசெம்பரில் 74 வயதில் யப்பானில் இறுதியாக மேடையேறினார். எதிரே நின்றவர் மசஹிரோ சோனோ, 27 வயது இளைஞர், தேஸிடமே பிடிகள் கற்றவர். வெற்றி மாணவனுக்கு.

இனி நாஷ்வில் கிழவரிடம் திரும்புவோம். ஃபிளெயர் தம் காலத்தின் தலைசிறந்த மல்லர் என்பதில் ஐயமில்லை. அவருக்கும் முறையான பிரியாவிடை ஒன்று 2008 இல் நடந்தது. இளையவரான ஷோன் மைக்கல்ஸிடம் தோற்று, எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுந்து நிற்க விடைபெற்றார். அதன்பின்னும் 2011 வரை ஆடினார். 2022 இல் மீண்டும் வந்தார். அன்று அவருடைய மருமகனாயிருந்த அன்ட்ராடே தோழனாய் நின்று, பித்தளைக் கைவளையத்தை அவர் விரல்களில் மாட்டிவிட, அவர் எதிரியைக் குத்தி, தமது புகழ்பெற்ற காற்பின்னற் பிடியைப் போட்டு வென்றார். வென்றார் என்பதுதான் எமக்கு உறுத்துகின்றது. அத்தனை வேதனைப்பட்டு, நினைவும் தப்பி, யாருக்கு எதைக் கொடுத்தார்? எதிர்ப்பக்கத்தில் நின்ற ஜே லீதல் ஆற்றல் மிக்க மல்லர். அவருக்கு அந்தத் தோல்வியைக் கொடுத்திருந்தால் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்திருக்கும். பிள்ளைகளின் முன்னால் ஒருமுறையேனும் வென்றுவிட்டுப் போகவேண்டும் என்ற ஆசை கிழப்பருவத்தில் யாரையும் விடாது போலும். அதற்காக அவரை வெறுக்க எம்மால் முடியவில்லை.

ஃபங்கும் 73 வயதில்தான் கடைசியாக ஆடினார். 2017 செப்ரெம்பரில், வடகரோலினாவின் றாலி நகரில், சிறு நிறுவனமொன்றின் மேடையில் அறுவர் ஆடிய ஆட்டம். அவர் பக்கத்தில் நின்ற றிக்கி மோட்டன், றொபேட் கிப்சன் இருவரும் அறுபதை அண்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். அவ்விருவரும் 2019 இல் மீண்டும் ஒருமுறை இரட்டையர் பட்டம் வென்றனர். மோட்டன் தெனசீயில் மல்யுத்தப் பள்ளி நடத்தினார்; மகனையும் மல்லனாக்கினார். ஃபங்க் அதன்பின் ஆடவில்லை. மனைவி 2019 இல் மறைந்தார். பின்னர் அவரது ஞாபகசக்தியும் மங்கிற்று. 2023 ஓகஸ்ற் 23 ஆம் திகதி, 79 வயதில் காலமானார். அவரிடம் தோற்கப் பெற்றவர்களெல்லாம் அன்று அவரைப் பற்றி எழுதினார்கள்.

இதில் ஒரு பகுதியை மறுநாள் வகுப்பிற் சொன்னோம். கேள்வி கேட்ட மாணவன் கவனமாகக் கேட்டிருந்துவிட்டு, "அந்தக் கவசாக்கி ஆட்டம் என் போனில் தேடினால் வரும், சேர், எல்லாரும் பார்க்கலாமா?" என்றான். முள்ளுக்கம்பி ஆட்டம் வகுப்பறைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டோம். அன்றியும் அவனுடைய கைத்தொலைபேசி எமது மேசை லாச்சியில் இருந்தது. தகப்பனார் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளும்வரை அங்கேதான் இருக்கும்.