குட்டிநாய் வாயில் மருவா? கையை வைக்காதீங்க!

எங்க தோட்டத்தில் எட்டு மாதக் குட்டிநாய் ஒண்ணு இருக்கு. நாட்டு நாய்தான். ராத்திரி காட்டுப்பன்றி வந்தால் முதல் குரல் அவனுடையது. போன தை மாதம் அவன் உதட்டில் கடுகளவு ஒரு மரு வந்தது. கொஞ்ச நாளில் உதடு, ஈறு, நாக்கு என்று காலிஃபிளவர் மாதிரி பூத்துவிட்டது.

பார்த்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வையுங்க என்றார் ஒருவர். முடியால் இறுக்கிக் கட்டுங்க என்றார் இன்னொருவர். "மாட்டுக்கும் ஒட்டிக்கும், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்று சொன்னவரும் உண்டு. நான் எருக்கம்பால் தடவினேன். இயற்கை மருந்துதானே என்ற தைரியம். மரு அப்படியே இருந்தது, வாய்தான் வெந்துபோச்சு. இரண்டு நாள் அவன் கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் சொன்னது இதுதான். இது பாப்பிலோமா என்ற வைரஸால் வரும் மரு. இரண்டு வயதுக்கு உட்பட்ட நாய்களுக்கே அதிகம் வரும். காரணம், இந்த வைரஸை அடையாளம் காண அதன் உடம்பு இன்னும் பழகவில்லை. பழகியதும் தானே எதிர்த்து நிற்கும், மருவும் தானே சுருங்கி உதிரும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். சிலதுக்கு ஐந்து மாதம்கூடப் பிடிக்கும். இது நாய்க்கு நாய் பரவும். மனிதருக்கோ மாட்டுக்கோ ஒட்டாது.

எனக்கு வெட்கமாகப் போச்சு. பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்காதீங்க, பொறிவண்டும் சிலந்தியும் பெருகட்டும், காத்திருங்க என்று ஊர் ஊராகப் பேசுகிறோம். வயலுக்குக் கொடுக்கிற அந்த அவகாசத்தை வீட்டு நாயின் உடம்புக்குக் கொடுக்க ஏன் நமக்கு மனசு வருவதில்லை? செடியிலிருந்து வந்தது என்பதாலேயே எதுவும் சாதுவாகிவிடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். இந்தப் பக்கம் நாம் இப்படி என்றால், அந்தப் பக்கம் "ஒரு ஊசி போடுங்க" என்று கேட்பதும் தப்புதான். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது.

காத்திருப்பது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது இல்லைங்க. மரு உள்ள நாய்க்குத் தனித் தட்டு, தனித் தண்ணீர்ச் சட்டி வையுங்க. மற்ற குட்டிகளோடு கடித்து விளையாட விடாதீங்க. மருவைக் கிள்ளவோ அறுக்கவோ வேண்டாம். மென்மையான சோறு கொடுங்க. வயிற்றுப் பூச்சி நீக்கி, நல்ல தீனி போட்டால் உடம்பு தானே தேறும்.

சாப்பிட முடியவில்லை, ரத்தம் கசிகிறது, சீழ் நாற்றம் வருகிறது, மாதங்கள் ஓடியும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆகணும். அவர் பார்த்துத் தேவைப்பட்டால் அகற்றுவார். வயதான நாய்க்குக் கட்டி வந்தால் மரு என்று நாமே முடிவு கட்டக்கூடாது, அது புற்றாகவும் இருக்கலாம். இன்னொன்று: எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, குணமும் மாறியிருந்தால் வாய்ப்பக்கம் கையே கொண்டுபோகாதீங்க. அது வெறிநோயாக இருக்கலாம். அதற்கு வருமுன் போடும் தடுப்பூசிதான் காவல். அதில் மட்டும் காத்திருப்பு கூடாது.

எங்க குட்டிக்கு சித்திரை பிறக்கும்போது வாயில் ஒரு மருவும் இல்லை. எருக்கம்பால் சுட்ட தழும்பு மட்டும் உதட்டில் இருக்கு. அது வைரஸ் கொடுத்தது இல்லை, நான் கொடுத்தது. மரு வந்த குட்டியை ஊர் எல்லையில் விட்டுவிட்டு வர நினைக்கிறவர்கள், ஒரு மூணு மாதம் பொறுத்துப் பாருங்க.